சியாட்டில் வில்லனும் கட்டம் போட்ட சட்டையும்

லைல் பிரெவிட்டுக்கு இடது காது கேட்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் ஒரு தடியன் ரிங்குக்குள் விட்ட அறையில் போனது. வலது காதும் பாதிதான். அவன் வண்டி ரேடியோ ஒரே ஒரு ஸ்டேஷனைத்தான் பிடிக்கும். அதில் நாள் முழுக்கப் பன்றி விலையும் சோள விலையும் சொல்வார்கள். இந்த மனிதனைத்தான் எங்கள் முதலாளி பர்ல் ஸ்டாம்பர், இளவட்டங்கள் எந்தப் பாட்டைக் கேட்கிறார்களோ அந்தப் பாட்டுக்கு உருவம் கொடுக்கச் சொல்லி, பதினைந்து வருஷமாக ரிங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

நான் அந்த மல்யுத்தக் கம்பெனியின் நடுவர், ஆர்வில் டீக். கிழக்கு டென்னசி மலைப்பக்கத்தில் வாரத்துக்கு நாலு ஊர், பள்ளிக்கூட ஜிம், பொருட்காட்சிக் கொட்டகை என்று கிடைத்த இடத்தில் ரிங்கைக் கட்டுவோம். யார் ஜெயிப்பது, யார் தோற்பது எல்லாம் முதலாளி முன்னாலேயே முடிவு செய்துவிடுவார். மூன்று வரை எண்ணத் தெரிந்தால் நடுவராகிவிடலாம் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். வேலை அதுவல்ல. வில்லன் ஏமாற்றும்போது வேறு பக்கம் பார்க்க வேண்டும், ‘இன்னும் ரெண்டு நிமிஷம்’ என்று வாயசைக்காமல் சொல்ல வேண்டும், சரியான தருணத்தில் இடிபட்டு மயங்கி விழ வேண்டும். நான் நன்றாக மயங்குவேன். அதில் எனக்குப் பெயர் உண்டு.

லைல் போட்ட வேஷங்களைச் சொல்கிறேன். எழுபத்தொன்பதில் அவன் டிஸ்கோ டானி. தொப்புள் வரை பட்டன் திறந்த வெள்ளைச் சட்டை, குதிகால் உயர்ந்த செருப்பு. அவன் முதல் சண்டை போட்ட மாதமே எங்கள் பக்கத்திலிருந்த ஒரே டிஸ்கோ ஹாலை மூடி டயர் கடை வைத்துவிட்டார்கள். எண்பத்திநாலில் பங்க் பாட்டுக்கு வெறிநாய் ரிக். தலையின் இரண்டு பக்கமும் மழித்து, நடுவில் சேவல் கொண்டை மாதிரி முடியை நிறுத்தி, அது விறைப்பாக நிற்பதற்கு முட்டை வெள்ளைக்கருவைப் பூசிக்கொள்வான். ஜூலை வெயிலில் ரிங்குக்குள் எங்களோடு இருநூறு ஈக்களும் இருக்கும். எலுமிச்சைப் பொடி கரைத்த பச்சைத் தண்ணீரை வாயில் வைத்திருந்து முன்வரிசைமேல் துப்புவான். எண்பத்தேழில் ராக் பாட்டுக்கு ஸ்வீட் ஸ்டீவி. தோள்வரை முடி, ஒரு சண்டைக்கு ஒரு டப்பா ஸ்ப்ரே, வரிக்குதிரைத் தோல் மாதிரி இறுக்கமான பேன்ட். அந்தப் பேன்ட் அவன் மனைவியுடையது என்றும், அவள் அவனை விட்டுப் போனபோது அதைக் கேட்டு வாங்கிப்போனாள் என்றும் சொல்வார்கள். நான் விசாரிக்கவில்லை.

தொண்ணூற்றொன்றில் ராப். முப்பத்தொன்பது வயது வெள்ளைக்காரன், தொப்பை, கழுத்தில் தங்க வர்ணம் அடித்த நாய்ச் சங்கிலி. ராப் சொல்லிக்கொடுக்கும்படி பர்ல் யாரைக் கேட்டார் தெரியுமா? எங்கள் கம்பெனியில் இருந்த ஒரே கறுப்பரான லெமுவேல் பாக்ஸ்டரை. லெமுவேலுக்கு அப்போது நாற்பத்தாறு வயது, சர்ச் பாட்டுக்குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவர்.

“எனக்கு அது தெரியாது பாஸ்” என்றார் லெமுவேல்.

“அடக்கமா பேசாத லெமுவேல்” என்றார் பர்ல்.

லெமுவேல் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அந்த வேஷம் ஆறு வாரம் ஓடியது. ஜனங்கள் கைதட்டவும் இல்லை, கூச்சல் போடவும் இல்லை. பொது இடத்தில் ஒரு மனிதனின் பேன்ட் அவிழ்ந்தால் எப்படிப் பார்க்காதமாதிரி இருப்பார்களோ, அப்படி இருந்தார்கள்.

தொண்ணூற்றுமூன்று செப்டம்பரில் பர்ல் எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு இன்னொரு தொழில், பழைய தகர வீடுகளை வாங்கி விற்பது. ஆபீஸும் அப்படியொரு வீட்டுக்குள்தான். மேஜைமேல் ஒரு பத்திரிகை விரிந்திருந்தது. நாலு பையன்கள் சுவரில் சாய்ந்து, யாரோ செத்துப்போனமாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் படம்.

“உக்காருடா லைல். சியாட்டில் எங்க இருக்குன்னு தெரியுமா?”

“மேல மூலைல எங்கியோ. மழை பெய்யும்.”

“அதேதான். மழை பெய்யுது, பசங்க வீட்டுக்குள்ளயே கெடக்கறானுங்க, குளிக்கறதில்ல, சோகம் வந்துடுது, கிட்டார எடுத்துக்கிட்டுக் கத்தறானுங்க. நாடு பூரா இப்ப அதுதான் ஓடுது. கிரஞ்சுன்னு பேரு.”

“நான் கத்தணுமா பாஸ்?”

“வேணாம். நீ சோகமா இருந்தா போதும்.”

“எதுக்கு சோகம்?”

பர்ல் பத்திரிகையை இன்னொரு தடவை பார்த்தார். “அது அவனுங்களுக்கே தெரியாதுடா. அதான் அதுல விசேஷம். நம்ம ஊர்க்காரன் காலைல எழுந்து உழைக்கறவன். இந்த மாதிரி சோம்பேறியப் பாத்தாலே அவனுக்குப் பத்திக்கும். நீதான் வில்லன். பேரு ஸ்லட்ஜ்.”

“ஸ்லட்ஜ்னா சாக்கடை அடில தேங்கற சேறு இல்ல?”

“ஆமா. உனக்குப் பொருத்தமா இருக்கும்.”

சீருடையாக ஒரு தடிமனான கட்டம் போட்ட சட்டையும், முழங்கால் கிழிந்த ஜீன்ஸும், கனத்த பூட்ஸும் கொடுத்தார். தலைக்குக் குளிக்கக் கூடாது என்பது உத்தரவு. லைல் பத்து நாள் குளிக்காமல் இருந்தான். அவனோடு ஒரே வண்டியில் ஊர் ஊராகப் போனவன் நான். அந்தத் தியாகத்தை யாரும் எந்தப் பத்திரிகையிலும் எழுதவில்லை.

முதல் சண்டை கட்லர் கேப் பள்ளிக்கூட ஜிம்மில். அது மரம் அறுக்கிற ஊர், அக்டோபர் குளிர் வேறு. எதிராளி எங்கள் ஹீரோ, தங்கக் கழுகு. அசல் பெயர் வெண்டல். ஜிகினா வைத்த மஞ்சள் உடை, தோளில் நிஜ இறகுகள். அவன் ரிங்கில் காத்திருந்தான். “சியாட்டில் நகரத்தின் சந்துபொந்துகளிலிருந்து… ஸ்லட்ஜ்!” என்று அறிவிப்பு வந்தது. லைல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தான்.

நான் ரிங்கில் நின்றபடி கூட்டத்தைப் பார்த்தேன். நானூறு பேர் இருந்தார்கள். அதில் முன்னூறு பேர் போட்டிருந்தது கட்டம் போட்ட தடிச் சட்டை. கிழிந்த ஜீன்ஸ். கனத்த பூட்ஸ். பாதிப் பேருக்குத் தலைக்குக் குளிக்க நேரம் கிடைத்திருக்காது. அறுவை மில்லில் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தவர்கள்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்கே கேட்டது.

“பாவம்யா, வேலையிலேந்து அப்படியே வந்துட்டான். உடுப்பு மாத்தக்கூட விடல பாரு.”

“எந்த மில்லு?”

“சியாட்டில்னு சொன்னானே. அங்கயும் மரம்தான்.”

கைதட்டல் ஆரம்பித்தது. பிறகு விசில். ஒரு அம்மாள் கயிற்றுக்கு அருகில் வந்து லைலிடம் பிளாஸ்கை நீட்டி, “சூடா ஒரு வாய் குடிச்சிட்டு சண்டை போடுப்பா” என்றாள். ஹீரோ வெண்டல் இறகுகளை விரித்துக் காட்டினான். நாலு பக்கமிருந்தும் ஒரே குரல்: “கோழி! கோழி!”

லைல் வெண்டலின் கழுத்தைப் பிடித்தபடி என் பக்கம் சாய்ந்தான். “ஆர்வி, என்னடா நடக்குது? ஏன் எனக்குக் கைதட்டறாங்க?”

“உன் சட்டைடா.”

“சட்டைல என்ன?”

“சுத்திப் பாரு.”

அவன் சுற்றிப் பார்த்தான். அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பதினைந்து வருஷத்தில் அவன் உடுத்தியிருந்ததைப் பார்த்து எந்த ஊரும் கைதட்டியதில்லை. அவன் சோகமாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டான்.

உடை மாற்றும் அறையில் பர்ல் கத்தினார். “போதுமான சோகம் இல்லடா! இன்னும் கிழி! பேன்ட்ட இன்னும் கிழி!”

கிழித்தோம். அடுத்த வாரம் வேறொரு ஊரில் ஒரு கிழவி ஊசிநூலோடு வந்து, இடைவேளையில் முழங்காலைத் தைத்துத் தருவதாக அடம்பிடித்தாள். மைக்கைக் கொடுத்து, வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லை என்று பேசச் சொன்னார் பர்ல். லைல் மைக்கைப் பிடித்து, “காலைல எழுந்தா முதுகு வலி. போன வருஷம் என் மச்சான் வேல பாத்த சாக்ஸ் மில்ல மூடிட்டாங்க. எதுக்கு எழுந்திருக்கணும்னு தெரியல” என்றான். அவனுக்குத் தெரிந்த சோகம் அவ்வளவுதான். ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள். வெண்டல் அன்றைக்கு ஜெயித்துவிட்டு, போலீஸ் துணையோடு வண்டிக்குப் போனான்.

தன் கணக்கு தப்பு என்று பர்ல் ஒத்துக்கொள்ளவில்லை. சரக்கு அசலாக இல்லை, அதுதான் குறை என்றார். “நிஜப் பசங்களப் பக்கத்துல நிறுத்தினா ஜனங்களுக்குப் புரியும்” என்று டவுனுக்குப் போய் ஒரு வாத்தியக் குழுவைப் பிடித்துக்கொண்டு வந்தார். குழுவின் பெயர் ஈர அட்டை. மூன்று பேர். பாடுகிறவள் டார்லா ஹஸ்கி, பத்தொன்பது வயது. பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் டெரில். டிரம்ஸ் வாசிக்கிற பையன் கடைசிவரை வாயே திறக்கவில்லை.

மூவரும் குளித்து, தலைவாரி வந்திருந்தார்கள். டார்லா பூப்போட்ட பழைய கவுன் போட்டிருந்தாள், இஸ்திரி போட்டது. பர்லுக்கு முகம் தொங்கிவிட்டது.

“என்னம்மா இது, குளிச்சிருக்கீங்க?”

“குளிப்போமே. ஏன்?”

“பத்திரிகைல அப்படி இல்லையே.” அவர் ஒரு பையைக் கொட்டினார். பெரிய கடையில் ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து டாலருக்கு வாங்கிய, தொழிற்சாலையிலேயே ஒழுங்காகக் கிழித்துத் தைத்த சட்டைகள். “இதப் போடுங்க.”

டார்லா ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். “யோவ், என் கவுன் சர்ச் தானப் பெட்டியிலேந்து ஒரு டாலர். நாங்க கிழிசல் போடறது காசில்லாததால. நீங்க காசு குடுத்துக் கிழிசல் வாங்கிருக்கீங்க.”

டெரில் இன்னும் கடுமையாகப் பேசினான். இது எங்கள் கலையைக் கேவலப்படுத்துவது, நாங்கள் யாருக்கும் விலைபோக மாட்டோம் என்று பத்து நிமிஷம் பேசினான். பேசிக்கொண்டே ஒரு சட்டையைத் தன் அளவுக்குப் பொருந்துகிறதா என்று தோளில் வைத்துப் பார்த்தான். பொருந்தியது.

அந்த நேரம் லைல் உள்ளே வந்தான். டார்லா அவனை உற்றுப் பார்த்தாள். எழுந்து கிட்டே போனாள்.

“நீங்க வெறிநாய் ரிக் தானே?”

லைல் வலது காதைத் திருப்பினான். “என்னம்மா?”

“எண்பத்திநாலு. பொருட்காட்சிக் கொட்டகை. எனக்குப் பத்து வயசு, முன்வரிசை. என் மூஞ்சில பச்சையாத் துப்பினீங்க!”

“ஐயோ. மன்னிச்சுக்கம்மா. அது வெறும் எலுமிச்சைப் பொடி. கறை போச்சா?”

“மன்னிப்பா? அன்னிக்கு வீட்டுக்குப் போயி எங்கம்மா தையல் கத்திரிய எடுத்து ரெண்டு பக்கமும் முடிய வெட்டிக்கிட்டேன். முதுகுல அடி விழுந்துது. அதுக்கப்புறம்தான் பங்க் பாட்டெல்லாம் தேடித் தேடிக் கேட்டேன், கிட்டார் கத்துக்கிட்டேன். நான் மேடைல நிக்கிற நிலையே உங்களது. கால அகட்டி, தலையச் சாய்ச்சு… எல்லாம் உங்களப் பாத்துதான்!”

லைலின் முகம் மலர்ந்துவிட்டது. பொய் சொல்லத் தெரிந்தவனாக இருந்திருந்தால் அதோடு நிறுத்தியிருப்பான்.

“பங்க்குன்னா அது பாட்டாம்மா?”

டார்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“பாஸ் ஒரு படம் காட்டினாரு. இந்த மாதிரி தலை வச்சுக்கடான்னாரு. லண்டன்ல இருக்கற பைத்தியக்காரங்கன்னு நெனச்சேன். நான் கால அகட்டி நின்னது… அன்னிக்குத் தொடைல தசை பிடிச்சிருந்துது.”

அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வருஷமாக அவள் வாழ்க்கை ஒரு தசைப்பிடிப்பின்மேல் நின்றிருக்கிறது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“அப்ப நீங்க என்னதான் பாட்டு கேப்பீங்க?”

இதை அவனிடம் யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. லைல் யோசித்தான். “பன்றி விலை சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன மியூசிக் வரும். அது நல்லாருக்கும்.”

அடுத்த சனிக்கிழமை காலை லோக்கல் டிவி ஸ்டேஷனில் படப்பிடிப்பு. நியூயார்க்கிலிருந்து பெரிய மல்யுத்தக் கம்பெனியின் ஆள் ஒருவர் பார்க்க வந்திருந்தார். கோட்டு சூட்டு, கையில் ஒரு நோட்டு. பர்லுக்குக் கால் தரையில் பாவவில்லை. திட்டம் இதுதான்: குழு பாடும், வெண்டல் வந்து டார்லாவை மைக்கில் கேலி செய்வான், டார்லா அழுவாள், லைல் லேசான மரத்தில் செய்த பொய்க் கிட்டாரால் வெண்டலை அடிப்பான். ஜனங்கள் லைலை வெறுப்பார்கள். இன்னமும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

குழு பாடியது. வெண்டல் மைக்கைப் பிடித்து, “ஏய் பொண்ணே, வீட்ல சோப்பு இல்லையா?” என்றான். டார்லா அழவில்லை. லைல் அவளிடமிருந்த பொய்க் கிட்டாரை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்தேன். பத்து வயதுப் பிள்ளை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிற கண். எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் நடுவர் குறுக்கே போகக் கூடாது.

அவள் கிட்டாரைத் தலைக்குமேல் தூக்கி, லைலின் முதுகில் போட்டு உடைத்தாள்.

அரங்கத்தின் கூரை பிய்ந்துகொண்டு போனது. தங்கள் மில் தொழிலாளியை, தங்கள் சட்டை போட்டவனை, நம்பிப் பக்கத்தில் நின்றவனை, முதுகில் அடித்துவிட்டாள்! காகிதக் கோப்பைகள் பறந்தன. ஒரு பெரியவர் பல்செட்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு திட்டினார். டார்லா காலை அகட்டி, தலையைச் சாய்த்து, மைக்கில் நிதானமாகச் சொன்னாள்: “உங்க எல்லாரையும் எனக்குப் பொறந்ததிலேந்து தெரியும். ஒருத்தரையும் புடிக்கல.”

பர்ல் பதினைந்து வருஷமாகத் தேடிய வில்லன் அதுதான். கீழே கிடந்த லைல் என்னிடம் முணுமுணுத்தான்: “நல்லா அடிச்சா. எந்திரிக்கட்டுமா, கெடக்கட்டுமா?”

“கெட.”

நியூயார்க்காரர் நோட்டை மூடிவிட்டு நேராக டார்லாவிடம் வந்தார். லைலைத் தாண்டித்தான் வந்தார், பார்க்கவில்லை.

“அருமை. உன்ன எடுத்துக்கறோம். மார்ச்ல வந்து சேரு.”

“இதே மாதிரியா? கிரஞ்சா?”

“சேச்சே, அது வர்ற கோடையோட முடிஞ்சிடும். இப்ப எல்லாரும் மாட்டுக்காரத் தொப்பி போட்டு வரிசையா நின்னு ஆடறாங்க இல்ல? உனக்குப் பேரு சன்னி மே. ரோஸ் கலர் தொப்பி, ஜாலர் வச்ச பாவாடை. வைக்கோல் கட்டு மேல உக்காந்து சிரிக்கணும். சிரிப்பு வருமா?”

அறையில் எல்லோரும் டார்லாவைப் பார்த்தோம். துப்புவாள் என்று நான் எதிர்பார்த்தேன்.

“வரும்” என்றாள். பத்து விநாடிகூட ஆகவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் குழு உடைந்தது. டெரில் தொண்டை கிழியக் கத்தினான். “வித்துட்டடி! உன்ன நீயே வித்துட்ட! நாம எதுக்காக ஆரம்பிச்சோம்?”

“நீ போட்டுருக்கற சட்டை யாரோடதுடா?”

டெரில் குனிந்து பார்த்தான். நாற்பத்தைந்து டாலர் கிழிசல்.

“இது… திருப்பிக் குடுக்கலாம்னுதான் வச்சிருந்தேன்.”

“ஒரு வாரமாவா?”

டார்லா கிளம்புவதற்குள் லைலுக்கும் அவளுக்கும் ஒரு பெரிய சண்டை வைக்காமல் விடுவாரா பர்ல்? பிப்ரவரி கடைசி ஞாயிறு மதியம், பொருட்காட்சிக் கொட்டகை. தோற்றவர் தலையை ரிங்கிலேயே மொட்டையடிக்க வேண்டும். டார்லா தோற்க முடியாது, மொட்டைத் தலைக்கு ரோஸ் தொப்பி நிற்காது என்று நியூயார்க்கிலிருந்து போன் வந்துவிட்டது. லைலிடம் பர்ல் கேட்கக்கூட இல்லை, சொன்னார்.

ஒன்பது வருஷம் வளர்த்த முடி. அவனிடம் சொந்தம் என்று இருந்தது அந்த முடியும் அந்த வண்டியும்தான். “ஆயிரம் பேர் வருவாங்களாடா?” என்று என்னைக் கேட்டான். வருவார்கள் போலிருக்கிறது என்றேன். “சரி” என்றான். பிறகு மூன்று வாரம் டார்லாவுக்கு விழச் சொல்லிக்கொடுத்தான். சொல்லிக்கொடுத்தான் என்பதைவிட, அவள் கை நீட்டும் இடத்துக்கெல்லாம் தானே போய் விழுந்தான் என்று சொல்ல வேண்டும்.

ஆயிரத்து நூறு பேர் வந்தார்கள். பதினோராம் நிமிஷத்தில் லைலின் தோள் என்மேல் இடித்தது, நான் மயங்கினேன். ஒரு கண்ணைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தேன். டார்லா ஸ்பீக்கர் பெட்டியின் மூடியால் அவன் தலையில் அடித்தாள். நான் தெளிந்து, தவழ்ந்து வந்து, மூன்று எண்ணினேன்.

மொட்டையடிக்கப் பர்ல் கொண்டுவந்தது அவர் வேட்டை நாய்க்கு முடி வெட்டுகிற மெஷின். டார்லா கையால் முதல் கற்றை விழுந்தபோது பெண்கள் அழுதார்கள். மில்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். சவ அடக்கத்துக்கு நிற்கிறமாதிரி நின்றார்கள். ரிங்குக்குள் நடந்த பேச்சு எனக்கு மட்டும் கேட்டது.

“வலிக்குதா லைல்?”

“நாய் வாசனைதான் தாங்கல. பின்னாடி விட்டுட்ட பாரு. காதுக்குப் பின்னாடி. வேலைய சுத்தமா செய்.”

“அழுதுடுவேன் போல இருக்கு.”

“கூடாது. சிரி. அங்க போயி சிரிக்கணுமில்ல, இப்பலேந்தே பழகு.”

அவள் சிரித்தாள். ஆயிரத்து நூறு பேரும் அவளைச் சபித்தார்கள்.

உள்ளே வந்ததும் லைல் கண்ணாடிமுன் உட்கார்ந்தான். மண்டை முழுக்கப் பழைய வெட்டுத் தழும்புகள், தேய்ந்த பலகை மாதிரி. லெமுவேல் ஒரு மூலையில் தன் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். பர்ல் சிரித்துக்கொண்டே நுழைந்தார், லைலின் தலையைப் பார்த்தார், சிரிப்பு நின்றது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். யோசனை வந்துவிட்டது.

“லைல். மொட்டத்தல பசங்க கூட்டம் ஒண்ணு இருக்காமே? டிவில காட்டினான். உயரமான பூட்ஸ், தோள்ல வார் போட்ட பேன்ட், கைல நாஜிக் கொடி. கைய நீட்டி சல்யூட் அடிப்பானுங்க. அவனுங்களுக்கும் ஒரு மாதிரி பாட்டு இருக்கு. நீ அதைப் போட்டா…” அப்போதுதான் லெமுவேல் இருப்பதைக் கவனித்தார். “லெமுவேல், உன்ன மனசுல வச்சு சொல்லல.”

லெமுவேல் பையின் ஜிப்பை இழுத்தார். “எத்தனை வாரம் நான் அவன்கிட்ட அடி வாங்கணும்? அதை மட்டும் சொல்லுங்க பாஸ்.”

“கடைசில நீதான்யா ஜெயிப்ப!”

“மாட்டேன்” என்றான் லைல்.

யார் பேசினது என்று நாங்கள் சுற்றிப் பார்த்தோம். பதினைந்து வருஷத்தில் அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை.

“வேஷம்தானேடா” என்றார் பர்ல். “நாய்ச் சங்கிலி மாட்டினே. பொம்பள பேன்ட் போட்டே.”

“அதெல்லாம் போட்டா என்னப் பாத்து சிரிச்சாங்க. சிரிச்சிட்டுப் போகட்டும். இதப் போட்டா கைதட்றதுக்கு ஆளுங்க இருப்பாங்க பாஸ். இந்தக் கொட்டகையிலயே இருப்பாங்க. எனக்கு வேணாம்.”

“அப்ப என்னதான் போடுவ?”

லைல் ஆணியில் தொங்கிய கட்டம் போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனான். லெமுவேல் பையைத் தோளில் போட்டு, பர்லுக்கு ஒரு மரியாதையான வணக்கம் வைத்துவிட்டு, அவன் பின்னாலேயே போனார்.

பர்ல் அவனை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஜனங்கள் அவனுக்காகத்தான் டிக்கெட் வாங்கினார்கள். அந்த வசந்தத்திலிருந்து அவன் வெறும் லைல் பிரெவிட், இதே ஊர்க்காரன். அந்த யோசனை தன்னுடையதுதான் என்று பர்ல் இன்றுவரை சொல்லிக்கொள்கிறார். டார்லா இரண்டு வருஷம் டிவியில் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து சிரித்தாள். அவளுக்கு அத்தனை பல் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சண்டையில் முட்டி கெட்டு, ஊர் திரும்பி வந்து வேறு குழு ஆரம்பித்தாள். போஸ்டரில் அவள் பெயருக்குக் கீழே ‘தொலைக்காட்சிப் புகழ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. விலைபோக மாட்டேன் என்ற டெரில்? சும்மா கிடந்த ஸ்லட்ஜ் வேஷத்தைப் பர்லிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். வாராவாரம் லைலிடம் நாற்பது விநாடியில் தோற்றுப்போனான். சோகம் மட்டும் அவனுக்கு இயல்பாக வந்தது.

மொட்டையடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் லைலும் திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். லைல் குளிரில் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே உள்ளே போய்க் காபி கேட்டான். கல்லாவில் இருந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். தழும்பு, வீங்கின கண், உயிரில்லாத நடை. அவள் குரல் தணிந்துவிட்டது.

“ட்ரீட்மென்ட் எடுத்துக்கறீங்களாப்பா? எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் முடி போச்சு. காசு வேணாம். குடிங்க.”

லைல் ஒரு நொடி தயங்கினான். பிறகு இரண்டு கையாலும் கோப்பையை வாங்கிக்கொண்டு, “ரொம்ப நன்றிம்மா” என்றான், குரல் நடுங்க. அவள் ஒரு டோனட்டையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

வாசலில் நான் அவன் கையைப் பிடித்தேன். “உண்மையச் சொல்லிடுடா. பாவம்டா அந்தம்மா.”

“நான் ஒண்ணும் சொல்லலியே” என்றான் லைல், வாய் நிறைய டோனட்டோடு. “அவங்களா நெனச்சுக்கிட்டாங்க.”

கொஞ்ச தூரம் வண்டி ஓட்டினான். அப்புறம் ஓரமாக நிறுத்தினான். திரும்பிப் போய்க் கல்லாவில் காசை வைத்துவிட்டு வந்தான். எவ்வளவு வைத்தாய் என்று கேட்டேன். காபிக்கு மட்டும் என்றான்.